கடலைப் பார்க்கும் தூண்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கம்பளையிலிருந்து கொழும்புக்குச் சுற்றுலா போனால் காலிமுகத்திடலில் இறங்கி, இஸ்ஸோ வடை சாப்பிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவோம். திடலின் வடக்கே நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்தை பஸ் யன்னலால் பார்ப்பதோடு சரி. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மலைநாட்டுப் பெண்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது.

அதை வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஒஸ்டின் வுட்சன். 1930 ஜனவரி 29ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹேர்பர்ட் ஸ்டான்லி திறந்து வைத்தார். பாணி ஐரோப்பியப் புதிய பரோக். அகன்ற படிக்கட்டு, அதற்கு மேல் வரிசையாக உயர்ந்த தூண்கள். தூண் தலைகள் கிடாய்க் கொம்பு போல இருபக்கமும் சுருண்டிருக்கும். அயோனியத் தூண் என்பார்கள். முகப்பு கடலைப் பார்க்கிறது. முன்னால் நின்றால் கண்ணில் படுவது கூரையல்ல, தூண்கள்தான். ஆட்சியின் கம்பீரத்தைக் காட்டக் கட்டியது என்று சொல்லாமலே விளங்கும். இருபது வருடங்களுக்குப் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஷேர்லி டி அல்விஸ் கண்டிக் கூரையைத் தேர்ந்தெடுத்தார். என்னைக் கேட்டால், எனக்குப் பேராதனைதான் அழகு. நம்மூர்ப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கட்டத் தொடங்கியபோது சட்டநிரூபண சபையில் 49 பேர். 1947இல் பிரதிநிதிகள் சபைக்கு 101 பேர், 1977இல் 168 பேர். இடம் போதாமல்தான் 1982 ஏப்ரலில் ஜெப்ரி பாவா கோட்டேயில் கட்டிய பாராளுமன்றத்துக்குப் போனார்கள். பழையது ஜனாதிபதி செயலகமானது. 2022இல் அதன் முன்னால் நம் பிள்ளைகளும் பதாகையோடு நின்றார்கள்.

இனி நம் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கட்டடம் திறப்பதற்குச் சற்று முன்பு, டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போனவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்று அவர் பதில் சொன்னார். கேள்வி எப்படிப்பட்டது என்று பாருங்கள்!

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்து மக்களுக்கு வதிவிட நிபந்தனைகள் போட்டுக் குறைத்தார்கள். ஆனாலும் ஒரு பகுதியினர் வாக்களித்தார்கள். அட்டன் உறுப்பினர் பெரி சுந்தரம் அந்த மண்டபத்தில் முதல் தொழில் அமைச்சராக அமர்ந்தார். அதே வருடம் அடலின் மொலமூரேயும், மறு வருடம் நேசம் சரவணமுத்துவும் உறுப்பினராக அந்தப் படிகளில் ஏறினார்கள்.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை, நம் பக்கத்து நாவலப்பிட்டிக்கு கே. ராஜலிங்கம். மறு வருடமே அதே மண்டபத்தில், அவர்கள் எதிர்க்க எதிர்க்க, பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்கும் போயிற்று. ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவர்களானார்கள்.

1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை பேர் கப்பலேறினார்கள்! கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்துகொண்டு இன்றைக்கு வர முடியாமல் போன அக்காமாருக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. இரண்டும் நிறைவேறியது கோட்டேயில். பறித்த மண்டபத்தில் அப்போது பாராளுமன்றம் இருக்கவில்லை.