எலியும் காமாலையும்



மஞ்சள் காமாலை என்றால் நம் நாட்டில் முதலில் யாரைத் தேடி ஓடுகிறோம்? வேப்பிலைக் கொத்தோடு மந்திரிக்கிறவனை. அடுத்தபடியாக, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறவனை. இரண்டும் பலிக்காவிட்டால் "தலைவிதி" என்று சொல்லி விடுகின்றோம். கல்லீரலில் வந்த நோய்க்குத் தோலில் ஏன் சூடு என்று கேட்டால், கேட்டவன் நாஸ்திகன்! இப்படிப்பட்ட நாம், ஹாங்காங் நகரத்தில் 2018-ம் வருஷம் வெளியான ஒரு சங்கதியைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

அவ்வூரில் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுப் போய், வேறொருவர் கல்லீரலை வைத்தார்கள். புதுக் கல்லீரலை உடம்பு தள்ளிவிடாதபடி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்து வந்தார்கள். பிறகு ரத்தத்தைச் சோதித்ததில் அந்தக் கல்லீரலும் சரியாய் இல்லை என்று தெரிந்தது. ஹெபடைடிஸ்-இ என்னும் காமாலைக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருந்தது. கிருமியைத் தேடினாலோ அகப்படவில்லை.

நம் மந்திரவாதியாயிருந்தால் இவ்விடத்தில் "செய்வினை" என்று சொல்லி ஒரு கோழிக்கு வழி தேடியிருப்பான். ஹாங்காங் சர்வகலாசாலை வைத்தியர்களோ தங்கள் சோதனையையே சந்தேகித்தார்கள். மனிதரிடம் காணும் கிருமிக்கென்று ஏற்பட்ட சோதனை, அதன் தூரத்துப் பங்காளியை எப்படிக் காட்டும் என்று யோசித்து, சோதனையை விரிவாக்கித் தேடினார்கள். அகப்பட்டது எலியின் கிருமி!

இந்தக் கிருமியை 2010-ல் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகர எலிகளிடம் கண்டிருந்தார்கள். மனிதரிடம் காணும் கிருமிக்கும் இதற்கும் வித்தியாசம் மிகுதியாயிருந்ததால், இது மனிதனைத் தொடாது என்றே எண்ணியிருந்தார்கள். ஹாங்காங் நோயாளியைக் கண்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். "பெரியவர்கள் எழுதி வைத்ததை மாற்றலாமா?" என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. கல்லீரல் கொடுத்தவரையும் ரத்தம் கொடுத்தவர்களையும் சோதித்தார்கள். அவர்களிடம் கிருமி இல்லை. நோயாளியின் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் குப்பையும் எலிப் புழுக்கையும்! முடிவில் ரிபாவைரின் என்னும் மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

எலியிடமிருந்து மனிதனுக்கு வந்த வழி எது? புழுக்கை பட்ட உணவின் மூலம் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்களே யொழிய, நிச்சயமாய்க் கண்டதாக அவர்கள் சொல்லவில்லை. போன ஜன்மத்துப் பாவம் வரை கணக்குச் சொல்லும் நம் புரோகிதர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"எதிர்ப்புச் சக்தி குறைந்தவனுக்குத்தானே வந்தது? நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். 2019-ல் கனடாவில் கண்டறியப்பட்டவர் அப்படிப்பட்டவரல்ல. ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்த, எதிர்ப்புச் சக்தி கெடாத மனிதர். நிற்க, நம் நாட்டில் ஹெபடைடிஸ்-இ காமாலைக்கு முக்கிய வழி எலியல்ல. சாக்கடை கலந்த குடிதண்ணீர்தான். டில்லியில் 1955-56-ல் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது அப்படித்தான். அங்கும் கடவுள் வந்து குழாயை அடைக்கவில்லை.

எலி விஷயத்திலோ நம் யோக்கியதை தனி. அதைப் பிள்ளையாருக்கு வாகனமாக்கிப் பொரிகடலையும் வைத்தோம். ராஜஸ்தானத்திலே தேஷ்நோக் என்னும் ஊரில் கர்ணி மாதா கோவில் என்று ஒன்றிருக்கிறது. ஆயிரக்கணக்கான எலிகளைப் பாலூட்டி வளர்த்து, அவை கடித்து மிச்சம் வைத்ததைப் பிரசாதமென்று தின்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தொட்ட தண்ணீர் தீட்டு, எலி வாய் வைத்த பண்டம் பிரசாதம்! இதற்குப் பெயர் ஆசாரமாம்.

தோழர்களே! அரிசிப் பானைக்கு மூடி போட உபநயனம் வேண்டியதில்லை. எலி ஓடிய சோற்றைக் கொட்டி விடுங்கள், குடிதண்ணீரைக் காய்ச்சுங்கள், கண் மஞ்சளித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய வீதியில் தினமும் குப்பை அள்ளி, சேரிப் பக்கம் மாதம் ஒருமுறை கூட எட்டிப் பாராத முனிசிபாலிட்டி உங்கள் ஊரிலும் இருந்தால், அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கும்பாபிஷேகத்திற்கு நன்கொடை கேட்பதை விட்டு, அந்தக் குப்பை வண்டி எந்தக் கிழமையில் வரும் என்று கேளுங்கள்.