மறுதரப்பைக் கேளாமல் இட்ட வேலி

(ஊர்காவற்றுறையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தியத் துணைக்கண்டம் மதத்தின் பெயரால் பிளவுண்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அன்று கீறிய கோட்டின் இருமருங்கிலும் இன்றும் படைகள் நிற்கின்றன. அந்தக் கதை தீவகத்து மக்களாகிய நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒரு பேரரசு செய்த பிழையை இங்கே நமது பெயரால் நம்மவர் சிலர் செய்தனர். ஆகவே அந்தக் கதை நமக்கும் உரியது.

வேலி வழக்கு உங்களுக்குப் புதிதன்று. கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டதற்காக, தோட்டத்தையே விற்று வழக்காடிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. கல்வேலி கட்டிய நெடுந்தீவிலும் எல்லைப் பிணக்கு இல்லாமற் போகவில்லை. இவ்வழக்குகளை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். வேலியினால் மட்டும் பகை விளைவதில்லை. அயலவனைக் கேளாமல் இட்ட வேலியே தீராப் பகையை விளைவிக்கிறது. நமது தேசவழமை இதை நன்கு உணர்ந்திருந்தது. பங்குக் காணியை அந்நியனுக்கு விற்பதற்கு முன் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அதன் நெறி. பங்காளிக்குரிய அந்த முதலுரிமையை வரையறுத்து 1947ஆம் ஆண்டிலே தனிச் சட்டமும் ஆக்கப்பட்டது.

அதே 1947ஆம் ஆண்டிலேதான் கோடிக்கணக்கான மக்களுக்கு உரிய நிலம், அவர்களைக் கேளாமல் கூறுபோடப்பட்டது.

சேர் சிரில் ராட்கிளிஃப் புகழ்பெற்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர். இந்தியாவை அதற்கு முன் கண்டறியாதவர். ஜூலை 8ஆம் திகதி வந்திறங்கிய அவரிடம், ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துத் தரும்படி கூறப்பட்டது. இரண்டு ஆணைக்குழுக்களிலும் காங்கிரஸ் தரப்பில் இரு நீதிபதிகளும் முஸ்லிம் லீக் தரப்பில் இரு நீதிபதிகளும் இருந்தனர். அவர்கள் உடன்படாமையால் முடிவு ராட்கிளிஃபின் கைக்கு வந்தது. பகிரங்க அமர்வுகளில் சட்டத்தரணிகள் வாதாடினர். தீர்ப்பெழுத வேண்டியவரோ அந்த அமர்வுகளுக்குச் செல்லவில்லை. சுதந்திரக் கொடி ஏறி இரண்டு நாட்களின் பின்னர், ஆகஸ்ட் 17இல், எல்லை வெளியிடப்பட்டது. தன் கிராமம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பல உழவர்கள் அதன் பின்னரே அறிந்தனர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

பிரித்துவிட்டால் பிணக்குத் தீரும் என்றார்கள். தீர்ந்ததா? 1947, 1965, 1971, 1999 என நான்கு முறை போர் மூண்டது. தெருவில் நடந்த அயலவர் சண்டை இரு படைகளின் சண்டையாயிற்று. 1998இல் இரு நாடுகளும் அணுகுண்டைச் சோதித்துக் காட்டின. கோட்டின் இருபுறத்திலும் எஞ்சிய சிறுபான்மையினர், தாம் செய்யாத குற்றத்துக்குப் பிணை நிற்பவர்களாயினர். அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் ஒப்பந்தத்தில் நேருவும் லியாகத் அலிகானும் கையொப்பமிட்டது 1950 ஏப்ரலில். வெள்ளம் போனபின் கட்டிய அணை அது.

அந்தப் பகைக்கு நடுவிலும் ஒன்று நிலைத்தது. சிந்து நதி நீரைப் பங்கிடும் 1960ஆம் ஆண்டு ஒப்பந்தம், இரு தரப்பும் பல ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்து பேசி எழுதியது. 1965ஆம் ஆண்டுப் போரும் 1971ஆம் ஆண்டுப் போரும் அதை முறிக்கவில்லை. 2025 ஏப்ரலில்தான், அதுவும் ஒரு தரப்பு மறுதரப்பைக் கேளாமல், அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

மதம் ஒன்றானால் தேசம் ஒன்றாகிவிடும் என்ற கொள்கையின் கதி என்ன? 1948 மார்ச்சில் ஜின்னா டாக்காவுக்குச் சென்று, உருது ஒன்றே அரசமொழி என்றார். வங்காளியின் சம்மதம் கேட்கப்படவில்லை. 1952 பெப்ரவரி 21இல் மாணவர்கள் சுடப்பட்டனர். 1971இல் பாகிஸ்தானே இரண்டாயிற்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட நமக்கு இந்தப் பாடத்தை விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே! இனி நம் பக்கம் பார்ப்போம்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து 1907இல் நூல் வெளியிட்டார். எவர் வாதம் வென்றது என்பது இங்கே கேள்வியன்று. “நீ வேறு” என்று ஒருவனைக் கேளாமல் விலக்குவது பிழையானால், “நீ நானே” என்று அவனைக் கேளாமல் சேர்த்துக்கொள்வதும் பிழையே. பின்னர் வந்த தமிழரசுக் கட்சி “தமிழ் பேசும் மக்கள்” என்ற சொல்லைத் தந்தது. மதத்தைக் கடந்து இரு மக்களுக்கும் இடமளித்த சொல் அது. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் அக்கட்சியின் சார்பில் வென்றனர். ஆனால் சொல்லிலிருந்த இடம் செயலில் நிலைக்கவில்லை. 1987இல் வடக்கையும் கிழக்கையும் இணைத்த ஒப்பந்தத்துக்கு முஸ்லிம் மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரம் கொடுத்தனர். குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, விளக்கம் கேட்கப்படவில்லை. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டையும் நகையையும் விட்டுப் புத்தளத்தை நோக்கிச் சென்றனர். அவர்கள் அழுததும் தமிழிலேதான்.

சிலர் காட்டிக்கொடுத்தனர், ஆகையால் அப்படிச் செய்ய நேர்ந்தது என்று இன்றும் சொல்வோர் உளர். அவர்களுக்கு ஒரு மறுமொழி கூறுகிறேன். ஒருவன் குற்றத்துக்கு ஓர் இனத்தைத் தண்டிப்பது சரியானால், அவசரகால விதிகளின் கீழ் நம் இளைஞரைக் கூட்டங் கூட்டமாகச் சிறையிட்டதும் சரியாகிவிடும். 2002இல் அந்த இயக்கத்தின் தரப்பிலேயே அது தவறெனக் கூறப்பட்டது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவருடன் உடன்பாடும் எழுதப்பட்டது. ஆயினும் சென்றவர்களில் மிகப் பலர் இன்னும் திரும்பவில்லை.

நமக்கு முன்னாலுள்ள கடலையும் பாருங்கள். 1974இலும் 1976இலும் கொழும்பும் டில்லியும் எல்லை வகுத்தன. கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. இக்கரை மீனவனையும் அக்கரை மீனவனையும் எவர் கேட்டார்? இருவர் மொழியும் ஒன்று. இருவரும் வணங்கும் கச்சதீவு அந்தோனியாரும் ஒருவரே. ஆயினும் இழுவைமடிப் படகுகள் நம் வலைகளை அறுக்கின்றன. 2017இல் அந்தத் தொழிலை இலங்கை சட்டத்தால் தடை செய்த பின்னும் பிணக்கு ஓயவில்லை. ஆகவே மதம் வேறானால்தான் பகை என்பது பொய். வயிற்றுப்பாட்டையும் பேசித் தீர்க்காவிட்டால் உடன்பிறந்தோரும் பகைவராவர்.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சிங்கள மன்னன் தமிழிலே பொறித்த கட்டளை அது. ஊர்காவற்றுறைக்கு வரும் அந்நியரைக் காக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கானால் சரிபாதி என்கிறது அது. கப்பலுடைந்த அந்நியனுக்கே பங்கு எழுதிவைத்த மண் இது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனுக்கோ இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது!

நாம் செய்ய வேண்டியவை மூன்று. திரும்பி வரும் முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணியும் வீடும் கிடைக்கும்படி நமது பிரதேச சபைகளிலும் செயலகங்களிலும் நாமே வாதாட வேண்டும். அதை அவர்களின் தனி வழக்காக விடுதல் ஆகாது. அடுத்து, தமிழ்க் கட்சிகள் எந்த அரசியல் தீர்வை முன்வைப்பினும், முஸ்லிம் பிரதிநிதிகளுடன் இருந்து எழுதிய பின்னரே அதை வெளியிட வேண்டும். எழுதி முடித்துக் கையொப்பம் கேட்பது கலந்துரையாடல் அன்று. மூன்றாவதாக, இரு கரை மீனவரும் நேரில் பேசும் மன்றம் ஒன்று நிலையாக அமைய வேண்டும்.

பெரும்பான்மை நம்மைக் கேட்கவில்லை என்பதே எழுபது ஆண்டுகளாக நமது முறைப்பாடு. அந்த முறைப்பாட்டை உலகின் முன் வைக்கும் தகுதி, நம்மிலும் சிறியவனின் சொல்லை நாம் கேட்கும் நாளிலேதான் முழுமையாகும். அந்தக் கடமையைத் தீவகம் தொடங்கி வைக்கட்டும்.