ஒலிநாடாவில் உறங்கும் குரல்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செல்லரித்த ஏடுகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்திராவிடில், 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்குமா? அத்தகைய கடமையொன்று இன்று பதுளையிலே நம் வாசலில் வந்து நிற்கிறது. நாங்கள் சொல்வது ஏடுகளையன்று. பழைய கசெட் நாடாக்களை.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார் சி. வி. வேலுப்பிள்ளை. சொற்கள் பிழைத்தன. ஆனால் பாடிய குரலும் தப்பின் முழக்கமும் நூலில் அடங்குமோ? அவை பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் லயத்து வீடுகளின் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. மாசி மாதத்துக் காமன் கூத்தும், பாட்டிமாரின் ஒப்பாரியும் அவற்றில் உண்டு. பாடியவர்களுட் சிலர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா சென்றனர், பலர் காலமாயினர்.

இவற்றை டிஜிட்டல் பதிவாக மாற்ற என்ன கருவி வாங்குவது? புதிய கணினி என்பர் இளைஞர். கணினி கடைசியில் வரட்டும் என்கிறோம் நாங்கள்.

நாங்களும் தவறியவர்களே. மலிவான சிறு கருவியொன்றில் ஓர் ஒப்பாரி நாடாவை ஓட்டினோம். குரல் நடுங்கிற்று, பின்பு நாடாவே சிக்கிக் கசங்கிற்று. பாடிய அம்மையாரின் மகளிடம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது எங்களால் தலை நிமிர முடியவில்லை.

ஆகவே, முதற் பணம் நாடாவை ஓட்டும் கருவிக்கே. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெட்டிலே, 4 மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதைத் தொட்டுப் படிக்கும் 'ஹெட்' சற்றே சாய்ந்திருந்தாலும் குரல் மங்கும். றப்பர் பெல்ட் தளர்ந்தால் சுருதி தள்ளாடும். ஹெட் படிக்கத் தவறியதை எந்தக் கணினியும் பின்னர் மீட்டுத் தராது. நல்ல பழைய டெக் ஒன்றை வாங்கி, பெல்ட் மாற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் ஹெட்டைத் துடைத்து, சாய்வைச் சரிபார்த்தபின் ஓட்டுக.

அடுத்தது, ஒலியை எண்ணாக மாற்றும் கருவி. 'லைன்' உள்வழியும் 24 பிட் திறனும் உள்ள யூஎஸ்பி கருவி வேண்டும். கணினியின் மைக் துவாரம் இதற்கு ஆகாது, இரைச்சலே மிகும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் கூறும் குறைந்த அளவு நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். 96,000 எனில் மேலும் நன்று. அவ்வளவிலும் ஒரு மணிநேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 2 ஜிகாபைட்டே. இதற்குப் பழைய கணினியே போதும். வேவ் கோப்பாகவே சேமிக்க. எம்பி3 ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். அது உறவினருக்கு அனுப்பும் பிரதிக்கு மட்டுமே.

இன்னும் சில. ஓட்டுமுன் கசெட்டின் பின்விளிம்புத் தகடுகளை உடைத்துவிடுக. தவறியும் மேலே பதிவாகாது. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டாதீர். டெக்கையும் பிற நாடாக்களையும் அது கெடுக்கும். தனியே வைத்து, அறிந்தவரிடம் கொடுக்க. பிரதிகள் மூன்று வேண்டும். ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். மூல நாடாவை எறியற்க.

இளைஞர்களே, கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை அருகிலிருந்து சொல்லுங்கள். அது உங்களுக்கே தெரியும். எந்தக் கருவிக்கும் தெரியாது. அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தத் தகரப் பெட்டிகளைத் திறப்போமாக!