பறக்க விழைவோர் படிக்க வேண்டியவை

(மேனிலைப் பள்ளி மாணவர்க்கு நிகழ்த்தப்பெற்ற உரை)



வானூர்திப் பொறியியல் பயில வேண்டும் என்னும் வேட்கை தமிழிளைஞர் பலர் நெஞ்சில் முளைத்துள்ளது. நல்ல வேட்கை, வளர்க்கத் தக்க வேட்கை. ஆனால், கல்லூரி வாயிலில் கால்வைக்கு முன்னரே அவர்கள் படித்திருக்க வேண்டியவை யாவை? எம்மொழியில் படித்திருத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை சொல்லவல்ல வரலாறு ஒன்று உண்டு. அஃது அமெரிக்க நாட்டு இரைட்டு உடன்பிறந்தாரின் வரலாறு.

அதற்கு முன் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வானவூர்தி பேசப்படுகிறது. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறது. இவற்றைக் காட்டி, 'வானூர்தியை அன்றே செய்துவிட்டோம்' என மார்தட்டுவோர் உளர். அப்பாட்டுகள் காட்டுவது தமிழரின் எண்ணத்து உயரத்தை. பட்டறையின் அளவைகளை அல்ல. சொல் தமிழரிடம் இருந்தது, பொறி இருந்ததில்லை. பொறியைத் தருவன படிப்பும் ஆய்வுமே. பழம்பெருமை விதைநெல் ஆகலாம். உழாதவனுக்கு அது சோறாகாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். வில்பர், ஆர்வில் எனும் இரைட்டு உடன்பிறந்தார் இருவரும் கல்லூரி காணாதவர்கள். ஒகையோ மாநிலத்துத் தேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர்கள். 1899ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் நிறுவனத்திற்கு வில்பர் ஒரு மடல் எழுதினார். அவர் பொருளுதவி கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. பறத்தலைப் பற்றி அந்நிறுவனம் வெளியிட்ட கட்டுரைகளையும், ஆங்கிலத்தில் அச்சாகியுள்ள பிற நூல்களின் பட்டியலையும் கேட்டார். ஆங்கிலத்தில், அஃதாவது தம் தாய்மொழியில்!

நிறுவனம் மறுக்கவில்லை. ஆக்டேவ் சனூத்து, இலாங்கிலி முதலியோரின் நூல்களைக் குறித்தனுப்பிற்று. கூடவே சிற்றேடுகள் சிலவற்றையும் விடுத்தது. அவற்றுள் ஒன்று செருமானிய அறிஞர் ஒட்டோ இலிலியந்தாலுடையது. மற்றொன்று பிரெஞ்சுக்காரர் முய்யார் எழுதியது. இரண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டிருந்தன. இலிலியந்தால் ஏறத்தாழ 2000 முறை சறுக்கிப் பறந்து, 1896இல் விழுந்து உயிர் துறந்தவர். அவர் உயிரை விலையாகக் கொடுத்துக் கண்ட அறிவு, கடல் கடந்து, ஒரு மிதிவண்டிக் கடைக்காரரின் கைக்கு அவர்தம் மொழியிலேயே வந்து சேர்ந்தது. எண்ணிப் பாருங்கள்! செருமானியம் கற்றுவந்த பின்னரே பறக்கலாம் என எவரும் அவர்களுக்குத் தடை போடவில்லை.

படித்ததை அவர்கள் அப்படியே நம்பிவிடவும் இல்லை. நூல்களில் கண்ட எண்களைக் கொண்டு 1900, 1901ஆம் ஆண்டுகளில் செய்த சறுக்கூர்திகள், கணக்கிட்ட அளவு தூக்குவிசை தரவில்லை. எனவே 1901இன் இறுதியில், ஆறடி நீளப் பெட்டி ஒன்றில் விசிறியாற் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களை ஆய்ந்தனர். பிழையின் பெரும்பகுதி எங்கிருந்தது தெரியுமா? 18ஆம் நூற்றாண்டு முதல் சுமீட்டன் பெயரால் வழங்கிவந்த காற்றழுத்த எண்ணில்! அது 0.005 என நூல்கள் கூறின. உடன்பிறந்தார் கண்டதோ ஏறத்தாழ 0.0033. ஒன்றரை மடங்கு மிகை! அதன்பின் 1902இல் நல்ல சறுக்கூர்தி பிறந்தது. 1903 திசம்பர் 17இல் கிட்டி ஆக் மணல்வெளி அருகே பொறியூர்தி பறந்தது. முதற்பறத்தல் 12 நொடி, 120 அடி. அன்றைய நான்காம் பறத்தல் 59 நொடி, 852 அடி.

ஆகலின், படித்தல் ஒரு கண். படித்ததை ஆய்தல் மறுகண். தாய்மொழியில் தெளிந்தவனே துணிந்து ஐயுறுவான். உருப்போட்டவனுக்கு ஐயம் எழுவதில்லை.

மாணவர் முதலிற் பற்ற வேண்டுவன, கையிலுள்ள மேனிலைப் பாடநூல்களே. கணக்கில் திசையன்களும் நுண்கணக்கும். இயற்பியலில் நியூட்டனின் இயக்க விதிகள், முறுக்குவிசை, பாய்மங்களின் இயல்பு, மீள்தன்மை, வெப்ப இயக்கம். எடை, தூக்குவிசை, உந்துவிசை, பின்னிழுவிசை எனும் நான்கும் ஊர்தியின் மேல் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் படம் வரைந்து உணர்க. காற்றின் அடர்த்தியும் சிறகு காற்றை எதிர்கொள்ளும் கோணமும் மாறாதிருக்க, விரைவு இருமடங்கானால் தூக்குவிசை நான்மடங்காகும். இவ்வோர் உண்மையை நன்குணர்ந்தவர்க்கு, ஊர்தி ஏன் நெடுந்தொலைவு ஓடி எழுகிறது என்பது விளங்கும்.

நூல்களிலும் பிழை உண்டு என்பதற்கு இன்றும் சான்றுண்டு. சிறகின் மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் கூடுவதாலேயே தூக்குவிசை பிறக்கிறது எனச் சில நூல்கள் கூறும். அது தவறு, மேற்காற்று முன்னதாகவே சென்றுவிடுகிறது. சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை சிறகை மேலே தூக்குகிறது. மேற்புறத்து அழுத்தக் குறைவும் அந்நிகழ்ச்சியின் மறுமுகமே.

ஆங்கில நூல்களைத் தீண்டற்க என்று எவரும் கூறவில்லை. சான் ஆண்டர்சன் 1978இல் எழுதிய 'இன்ட்ரொடக்சன் டு பிளைட்' போன்றவற்றைப் பின்னர்ப் பயில்க. ஆனால் ஒவ்வோர் இயலையும் முடித்ததும் அதன் சாரத்தைத் தமிழில் எழுதுக. எழுத இயலாத இடமே விளங்காத இடம்.

இது நடவாத அறிவுரையன்று. 1949இல் குரோம்பேட்டையில் சி. இராசம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். அங்குத் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், வானூர்தியை நாமே செய்வது பற்றித் தமிழிற் கட்டுரை வரைந்து அவர் முதற்பரிசு பெற்றார். 1980இல் எசு.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்தை வெற்றியுற நடத்தியவரும் அவரே. தமிழில் எண்ணியதால் அவர் தாழ்ந்துவிட்டாரா?

மாணவர் கடன் அஃதெனின், அரசின் கடனும் ஒன்றுண்டு. 2010இல் குடிசார், எந்திரப் பொறியியல்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அவ்வழி வானூர்திப் பொறியியலுக்கும் நீளுதல் வேண்டும். அன்று சுமித்சோனியன் நிறுவனம் செய்ததுபோல், கேட்கும் இளைஞன் கையில் அவன் மொழியிலேயே நூலை வைக்கும் நிறுவனம் தமிழகத்திற்கு வேண்டும்.

அந்நாள் வருங்காறும் காத்திராதீர்! இன்றே ஒரு சுவடி எடுங்கள், ஓர் இயலைப் படியுங்கள், தமிழில் எழுதுங்கள். நாளைத் தமிழ் மாணவனுக்கு அச்சுவடியே முதல் நூலாகலாம்.

வெல்க தமிழ்!