வேலைக்குச் சேர்ந்த நாளைத் திருட விடாதீர்கள்!

(கூக்காலில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது.)



பூண்டுக் காட்டில் பொழுது சாயும்வரை குனிந்து வேலை செய்துவிட்டு, இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே மில்லிலிருந்து லீவில் வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே வளர்த்தாமல் ஒரே விஷயத்தைப் பேசுகிறேன். ஒரு ஆளை வேலைக்கு எடுத்தால், எடுத்த முதலாளி அதைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். இது ஏதோ ஆபீஸ் காகித விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் வயிற்றோடும் விரலோடும் சம்பந்தப்பட்ட விவகாரம் இது.

இந்த மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை கீழே ஒரு மில்லுக்குப் போனாள். ஆனியில் சேர்ந்தாள். மாசியில் மிஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவள் தகப்பனாரோடு நானும் மில் ஆபீசுக்குப் போனேன். ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். விபத்துக்கு முந்தின நாள்தான் அவள் வேலைக்குச் சேர்ந்ததாக அதில் எழுதியிருந்தது!

தகப்பனார் கேட்டார்: "அப்ப எட்டு மாசமா எம்மக எங்கய்யா இருந்தா?"

பதில் இல்லை. எட்டு மாதம் அவள் நூற்ற நூல் சந்தைக்குப் போயிற்று. ஆனால் நூற்றவள் மட்டும் அந்த மில்லில் இல்லையாம்!

முந்தின நாள் தேதி ஏன்?

இ.எஸ்.ஐ.யில் ஒரு நல்ல விதி உண்டு. வேலையில் அடிபட்டவருக்கு உதவி கிடைக்க, இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இது தொழிலாளியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதி. அதையே முதலாளி தன் கேடயமாக்கிக்கொள்கிறான். விபத்து நடக்கும்வரை பெயரை மறைப்பது. நடந்தவுடன் முந்தின நாள் தேதி போட்டுச் சேர்ப்பது. நஷ்ட ஈட்டுச் சுமை தன் தலையில் விழாது, எட்டு மாதத்துச் சந்தாவும் மிச்சம்!

சட்டம் என்ன சொல்லிற்று? 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் விதிகளின்படி, புதிதாகச் சேர்ந்தவரின் விவரத்தை 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 1952 பிராவிடண்ட் பண்டுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை அந்த மாதம் முடிந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பஞ்சாலை அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட முதல் ஆறு தொழில்களில் ஒன்று. ஆகவே "எங்களுக்குத் தெரியாது" என்று மில் முதலாளி சொல்ல முடியாது. ஆரம்பத்தில் ஓராண்டு வேலை செய்தவர்தான் பண்டில் சேரலாம் என்று இருந்தது. போராடிப் போராடி, 1990 நவம்பர் 1 முதல், சேர்ந்த முதல் நாளிலிருந்தே உறுப்பினர் என்றாயிற்று. முதல் நாள் என்பது நாம் வாங்கிய நாள், தோழர்களே!

அந்த நாளைத் திருடினால் எவ்வளவு நஷ்டம்? மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாளி பங்கு 12 சதவிகிதம், அதாவது மாதம் 1,200. எட்டு மாதத்துக்கு 9,600 ரூபாய். இப்படி நூறு பிள்ளைகள் என்றால் 9,60,000 ரூபாய். இதோடு நிற்கவில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ல் சட்டம் வந்தது. எந்த நாளிலிருந்து எண்ணுவது? முதல் நாளே ஏட்டில் இல்லை என்றால் 480 எப்படி வரும்? இடையில் கணக்கு முடித்து, புது நம்பரில் மறுபடி சேர்ப்பதும் இதே சூழ்ச்சிதான்.

காகிதம் யார் கையில்?

நம் முன்னோர் காகிதத்தால் பட்ட பாடு கொஞ்சமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பெயரையும் எழுதினார்கள். ஆனால் கடன் கணக்கில் எழுதினார்கள். கடனை அடைத்தால் இந்த ஆளை விடுவோம் என்று தோட்டத்துரை கொடுத்த சீட்டுக்குப் பெயர் "துண்டு". அந்தத் துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. பிறகு 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ல், இத்தனை வருஷம் இங்கே இருந்தாய் என்று காகிதம் காட்டு என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? 1964ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு சர்க்காரும் பங்கு போட்டுக்கொண்டன. அப்படி வந்தவர்கள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். குண்டுபட்டிக்குப் போய்க் கேளுங்கள். வாட்டில் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் கான்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட கதையைச் சொல்வார்கள்.

முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் விலங்கு. அதே பெயர் சர்க்கார் ஏட்டிலும், நகல் நம் கையிலும் இருந்தால் அது உரிமை.

இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தோழர்கள் இங்கே மில்லுக்கு வருகிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் ஆள் எடுத்தால் 15 நாளுக்குள் இரண்டு மாநில சர்க்காருக்கும் விவரம் தர வேண்டும், தொழிலாளிக்குப் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். நடந்ததா? 2020 ஊரடங்கில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் பாராளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றது மத்திய சர்க்கார். உயிரோடு இருந்தபோது பெயரை எழுதாதவர்கள் செத்தபின் எப்படி எண்ணுவார்கள்?

நூறு ரூபாய் நீதி

சட்டத்தை மீறியவனுக்குத் தண்டனை என்ன? 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை பண்டில் சேர்க்காமல் விட்டவர்களை இப்போதாவது சேருங்கள் என்று மத்திய சர்க்கார் ஒரு சலுகை இயக்கம் அறிவித்தது. 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை கெடு. முதலாளி பங்கைக் கட்ட வேண்டும். அபராதம் 100 ரூபாய்! எட்டு வருஷம் மறைத்ததற்கு நூறு ரூபாய். அந்த நவம்பர் 21 அன்றே, பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் நியமனக் கடிதம் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. நல்லது, கேட்டு வாங்குவோம். ஆனால் இன்ஸ்பெக்டர் என்ற பெயரோடு "வசதி செய்து தருபவர்" என்றும் ஒட்டிவிட்டார்கள். யாருக்கு வசதி?

முடியாத காரியமா இது? பிரான்சில் ஆள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே முதலாளி அறிவிக்க வேண்டும். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே 1996 சட்டப்படி 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரிந்த தகப்பன் பிள்ளைக்குத் தரவேண்டிய பணத்தை வசூலிப்பதற்காக அந்த ஏற்பாடு. சர்க்கார் நினைத்தால் முடியும்.

காட்டு வேலைக்கு என்ன வழி?

"எங்களை எந்த மில்லில் எழுதுவார்கள்?" என்று காட்டு வேலைத் தோழர்கள் கேட்பது நியாயம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டின் பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறிவிட்டது. பூண்டு தோண்டுகிறவள் பெயர் ஏறவில்லை! விவசாயத் தொழிலாளர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் 2006ல் சட்டம் வந்தது. 2021ல் மத்திய சர்க்கார் இ-ஷ்ரம் பதிவு கொண்டுவந்தது. இரண்டிலும் அலைந்து பதிவது தொழிலாளி. வேலை வாங்கியவனுக்குப் பொறுப்பு இல்லை. காட்டு வேலையைக் கணக்கில் எழுத முடியாது என்பார்கள். 2005 வேலை உறுதிச் சட்டத்தில் அட்டை கொடுத்து நாள் நாளாக எழுதினார்களே, எப்படி முடிந்தது?

ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டுவிட்டு விலைக்காக ஏங்கும் சின்ன விவசாயி நமக்கு எதிரியல்ல. அவர் கூலி ஆள் பெயரை எழுதட்டும், அது போதும். நலநிதிக்கான பணத்தை மொத்த வியாபாரியும் பெருந்தோட்டக்காரனும் கொடுக்கட்டும். இது நம் கோரிக்கை.

இன்றே செய்ய வேண்டியது

அந்தத் தங்கையின் வழக்கு என்ன ஆயிற்று? அவள் பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. பொங்கலுக்கு ஊர் வர விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்ட லீவுச் சீட்டு. மாசியில் சேர்ந்தவளுக்குத் தை மாதத்தில் எப்படி லீவு கொடுத்தீர்கள் என்று கேட்டோம். கூட வேலை செய்த மூன்று பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். தேதி ஆனிக்குத் திரும்பிற்று. எட்டு மாதச் சந்தாவையும் கட்ட வைத்தோம். ஆனால் சாட்சி சொன்னவர்களில் ஒருத்தியை மறுவாரமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுக்காகச் சங்கம் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தோழர்களே, சேர்ந்த தேதியை எழுதி வையுங்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளச் சீட்டு, லீவுச் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த மாதம் 15ந் தேதி தாண்டியதும் பண்டு நம்பரும் இ.எஸ்.ஐ. நம்பரும் வந்ததா, தேதி சரியா என்று பாருங்கள். இல்லை என்றால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், சங்கத்தோடு போங்கள்.

கூக்காலில் இன்றிரவே ஒரு நோட்டுப் போடுவோம். இந்த ஊரிலிருந்து யார், என்று, எந்த மில்லுக்கு, எந்த ஏஜெண்டோடு போனார்கள் என்று எழுதுவோம். முதலாளி எழுதாத பெயரை ஊர் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் லேபர் ஆபீசர் மேஜைமேல் வைத்து, "எங்கள் கணக்கு இது, முதலாளி கொடுத்த கணக்கு எங்கே?" என்று கேட்போம்.

முதல் பெயரை எழுத யார் எழுந்து வருகிறீர்கள்?