உப்புநீர்க் கொல்லைக்குக் குட்டை அரளி
(குடியாத்தம் வட்டார விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகிறார்கள். அவ்வுப்பு கழுவுநீரோடு வெளியேறி, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் பல கிணறுகளைக் கெடுத்துவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், மண்ணில் சேர்ந்த உப்பு எளிதில் போவதில்லை. அந்த நீரில் மல்லிகையின் இலை நுனி கருகும். அரளியோ ஓரளவு உப்பையும் வறட்சியையும் தாங்கும்.

முதலில் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக் கொள்ளுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் ஓரடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, மேல்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். முற்றிய கிளையில் சுமார் 20 செ.மீ. குச்சிகளை வெட்டி, வேர்விட்டதும் நடலாம். செடிக்குச் செடி 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். மழைநீர் வடிந்து உப்பைக் கொண்டுபோக வழி வையுங்கள்.

செடி இரண்டடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். புதுக் கிளை நுனியில்தான் பூ வரும். ஆகவே ஆண்டுக்கொரு முறை கவாத்து செய்தால், ஐந்தடிக்குள் அடங்கி நிறையப் பூக்கும். பூஜைக்கும் மாலைக்கும் ஆகும், உபரியை விற்கலாம்.

ஓர் எச்சரிக்கை. அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. காய்ந்த இலையும் நஞ்சே. வெட்டிய கிளைகளை ஆடு மாடுகளுக்கு எட்டும்படி போடாதீர்கள். எரித்தால் புகையும் தீங்கு. கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதையுங்கள். பூப்பறித்தபின் கைகளைக் கழுவுங்கள். குழந்தைகளும் கன்றுகளும் நடமாடும் முற்றத்தில் நடவே வேண்டாம். வேலியிட்ட கொல்லை மூலையே அதற்குரிய இடம்.