துண்டுக்குள் பேசிய விலை



தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. விடிவதற்கு முன்பே ஆடுகளை ஏற்றிய வண்டிகள் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். பழைய தரகர்கள் சிலர் இன்னமும் துண்டு போட்டுத்தான் விலை பேசுகிறார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, நான்கையும் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. படியவில்லை என்றால் கையை உதறிவிட்டு நான்கு அடி போவார்கள், திரும்பி வருவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு விலை தெரியாது. படிந்துவிட்டால் அச்சாரம் கை மாறும். எழுத்து கிடையாது, வாய்ச் சொல்தான். அந்தச் சொல்லை மீறினவர் அடுத்த வாரம் சந்தையில் தலைகாட்ட முடியாது.

2025 ஆகஸ்ட் 26-ஆம் தேதியும் செவ்வாய்க்கிழமைதான். சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. நடுராத்திரி பன்னிரண்டரை மணிக்கு ஆரம்பித்த ஆட்டத்தைச் செல்போனில் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் யுனைடெட் அணியும் லிவர்பூல் அணியும் மோதிய கால்பந்து ஆட்டம். கூடுதல் நேரமும் ஓடி, நூறாவது நிமிஷத்தில் ரியோ நுமோஹா என்ற பதினாறு வயதுப் பையன் கோல் போட, லிவர்பூல் 3-2 என்று ஜெயித்தது. ஆனால் டீக்கடைப் பேச்சு அந்தப் பையனைப் பற்றியது இல்லை. ஆட்டத்துக்கே வராத ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் அலெக்சாண்டர் ஐசக்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஐசக் ஸ்வீடன் நாட்டு ஸ்ட்ரைக்கர். எரித்திரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 2022-இல் நியூகாசிலுக்கு வந்து 109 ஆட்டங்களில் 62 கோல் போட்டார். 2025 மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இதே லிவர்பூலுக்கு எதிராக அவர் போட்ட கோலும் சேர்ந்துதான் நியூகாசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்தது. 1955-க்குப் பிறகு உள்நாட்டில் அந்த ஊர் பார்த்த முதல் பெரிய கோப்பை அது. எழுபது வருஷம் காத்திருந்தவர்களுக்கு அந்த மனிதர் எப்படித் தெரிந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நான்கைந்து மாதத்தில் அவரே லிவர்பூலுக்குப் போக வேண்டும் என்று நின்றார். அணியோடு ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு வரவில்லை. ஸ்பெயினில் தன் பழைய கிளப்பின் மைதானத்தில் தனியாகப் பயிற்சி செய்தார். லிவர்பூல் 11 கோடி பவுண்டு கேட்டுப் பார்த்தது. நியூகாசில் கையை உதறிவிட்டது.

"துரோகிடா அவன்" என்றான் ஒரு பையன். "கோப்பை வாங்கிக் குடுத்தானே, அதுக்கு மேல என்ன கடன் பட்டிருக்கான்?" என்றான் லிவர்பூல் சட்டை போட்டிருந்தவன். ஆடு விற்றுவிட்டு டீ குடிக்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையனுக்குப் போக இஷ்டமா?"

"இஷ்டந்தான் தாத்தா. போகலாம்னு முன்னாடியே வாக்குக் குடுத்தாங்களாம். இப்ப இல்லைங்கறாங்க."

"எழுதி வாங்கினானா?"

"இல்ல தாத்தா. 2028 வரைக்கும் ஆடறேன்னு இவன்தான் எழுதிக் குடுத்திருக்கான்."

பெரியவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, "அப்ப வாக்கு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்குது" என்றார்.

ஒரு மாதமாக உலகம் முழுக்க ரசிகர்கள் விவாதித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 19 அன்று ஐசக் வெளியிட்ட அறிக்கையில் இருந்தது இதுதான்: எனக்கு வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றவில்லை, நம்பிக்கை போய்விட்டது. கிளப் உடனே பதில் சொன்னது: ஒப்பந்தம் இருக்கிறது, இந்தக் கோடையில் போகலாம் என்று எங்கள் நிர்வாகி எவரும் உறுதி தரவில்லை. இரண்டில் எது உண்மை என்று துண்டுக்குள் கை வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

துரோகி என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அதற்கு அதே நியூகாசிலின் பழைய கதை ஒன்று காரணம். 1960-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் அந்த கிளப்பை விட்டு வெளியேற விரும்பினார். அன்றைய இங்கிலாந்து விதிப்படி, ஒப்பந்த காலம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வீரர் போக முடியும். சம்பளம் கொடுக்காமலே பிடித்து வைக்கலாம். ஈஸ்ட்ஹாம் பந்தைக் கீழே வைத்துவிட்டு நண்பரிடம் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். மாதக்கணக்கில் ஆடவே இல்லை. பிறகுதான் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. வழக்கு நடத்தினார். 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், வீரரை இப்படிப் பிடித்து வைக்கும் முறை நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்புச் சொன்னார். மிச்சத்தை பெல்ஜியத்து வீரர் ஜான்-மார்க் போஸ்மன் முடித்தார். ஒப்பந்தம் தீர்ந்த வீரருக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டு கிளப்புக்குப் போக யாரும் விலை கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று சொன்னது.

சந்தையில் ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. விளையாட்டு வீரனிடம் கேட்டாக வேண்டும் என்ற நிலை தானாக வரவில்லை. ஈஸ்ட்ஹாம் மாதிரியானவர்கள் தங்கள் ஆட்ட வாழ்க்கையில் ஒரு பகுதியை அடகு வைத்துப் பெற்றுத் தந்தது அது. ஸ்ட்ரைக்கருக்குக் கால் ஓடுவது பத்துப் பன்னிரண்டு வருஷம். அதற்குள் எங்கே ஆடுவது என்று யோசிக்கிறவனைத் துரோகி என்பது தகாது. அதேசமயம் கையெழுத்துப் போட்டவன் ஆட வராமல் இருந்ததும் சரியில்லை. அந்தக் காகிதம் கிளப்பைக் கட்டுகிற மாதிரியே அவரையும் கட்டும்.

அந்த வாரம் என்ன ஆயிற்று? நியூகாசில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் கிளப்பிலிருந்து நிக் வோல்ட்டமாடே என்ற ஸ்ட்ரைக்கரை வாங்கியது. பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் யோவான் விஸ்ஸாவையும் வாங்கியது. அந்த விஸ்ஸாவும் தன் கிளப் வாக்குத் தவறிவிட்டது என்று பகிரங்கமாக எழுதிவிட்டு வந்தவர்தான். ஐசக் செய்ததைக் குற்றம் என்ற கிளப், பக்கத்து வீட்டில் நடந்த அதே செயலின் பலனை வாங்கிக்கொண்டது. இதை அந்தப் பையன்கள் கவனித்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. செப்டம்பர் 1, திங்கள்கிழமை, வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரை வரை கெடு. அன்றைக்குத்தான் 12 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு ஐசக் லிவர்பூலுக்குப் போனார். நம் பணத்தில் 1,400 கோடிக்கு மேல். பிரிட்டன் கிளப் ஒன்று ஒரு வீரருக்குக் கொடுத்ததில் அதுவரை அதிகம். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நல்லம்பள்ளியில் மறுபடியும் சந்தை, டீக்கடையில் மறுபடியும் அதே பையன்கள்.

இது ஏதோ சீமைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. நல்லம்பள்ளியிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் பெங்களூரு, அங்கே கண்டீரவா ஸ்டேடியம். அந்த ஊர் கிளப்பின் அடையாளமாக இருக்கும் சுனில் சேத்ரி 2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்போடு மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். கிளப்புக்கும் இஷ்டம், வீரருக்கும் இஷ்டம், காகிதமும் தயார். பிரிட்டிஷ் அரசு வேலை அனுமதி தரவில்லை. உலகத் தரவரிசையில் முதல் 70 இடத்துக்குள் இந்தியா இல்லை என்பதுதான் காரணம். சேத்ரியின் காலில் குறை இல்லை. நாட்டின் இடம் குறுக்கே நின்றது. 2013-இல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு கிளப்புக்கு வந்தார், முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பையை வாங்கித் தந்தார். அன்றைக்கு லண்டன் கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஐசக் விவகாரத்துக்கு இன்னும் நெருக்கமானது 2024-இல் கொல்கத்தாவில் நடந்தது. அன்வர் அலி ஸ்ட்ரைக்கர் அல்ல, தடுப்பாட்டக்காரர். டெல்லி எஃப்.சி. கிளப்பிலிருந்து இரவலாக மோகன் பகானில் ஆடிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த ஒப்பந்தத்தை முறித்துவிட்டு, பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலோடு ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்திட்டார். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் குழு செப்டம்பரில் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது, அவரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்.சி.யும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உத்தரவு வாபஸ் ஆனது. கொல்கத்தாவில் அந்த மாதங்களில் எத்தனை டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்திருக்கும்!

நல்லம்பள்ளிப் பையன்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு வாதம் இல்லை என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து புறப்பட்ட சிவசக்தி நாராயணன் பெங்களூரு கிளப்பின் முன்களத்தில் ஆடி, 2022-23 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் வளரும் வீரர் விருதை வாங்கினார். கண்டனூருக்கு வந்த ஒப்பந்தக் கடிதம் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி நல்லம்பள்ளிப் பக்கமும் வரும். வரும்போது அதைப் படிக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம் என்று கிளப்போ ஏஜென்டோ வந்தால், சந்தைப் பழக்கத்தில் வாய்ச் சொல்லை நம்பி அனுப்பாதீர்கள். எத்தனை வருஷம் என்று பாருங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை மூன்று வருஷத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது ஃபிஃபா விதி. இன்னொரு வருஷம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது, ஏஜென்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்து மூலம் கெடு கொடுத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க வீரருக்கு உரிமை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேறு கிளப் கேட்டால் விடுவோம் என்று சொல்வார்களானால், என்ன தொகைக்கு விடுவார்கள் என்று அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். புரியாத மொழியில் இருந்தால் ஊரில் தெரிந்த ஆசிரியரிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். கையெழுத்து ஆனதும் ஒரு நகல் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.